மைக்கில் நான் சொன்னது

ஈரச் சுண்ணாம்பு வாசனை வந்தால் எனக்குச் சுண்ணாம்புக் கோடு போட்ட விளையாட்டுத் திடல்தான் நினைவுக்கு வரும். இன்று காலை வீட்டுக்கு வெள்ளையடிக்க வந்தவர்கள் வாளியில் சுண்ணாம்பைக் கரைக்கிறார்கள். என் கையில் செய்தித்தாள். ஓட்டப்பந்தயப் பெண்களுக்கு மரபணுச் சோதனையாம். அதோடு பழைய நாட்களுக்குப் போய்விட்டேன்.

நான் விலங்கியல் படித்துவிட்டு உடற்பயிற்சி ஆசிரியரானவன். ஹார்மோன் பற்றி மூச்சுவிடாமல் பேசுவேன். மைக் கிடைத்தால் எதைப் பற்றியும் பேசுவேன். கோயம்புத்தூரில் எந்தப் பள்ளிப் போட்டி நடந்தாலும், வேப்பமரத்தில் கட்டிய குழாய் ஒலிபெருக்கியில் என் குரல்தான் கேட்கும்.

அப்படி ஒரு போட்டிக்கு வால்பாறை தேயிலை எஸ்டேட் லயன் வீடுகளிலிருந்து மரகதம் வந்தாள். கட்டைக் குரல், அகலத் தோள், மேலுதட்டில் மெல்லிய ரோமம். முதல் சுற்றில் மற்ற பெண்களை வெகுதூரம் பின்னால் விட்டாள். இரண்டாவதாக வந்த பெண்ணின் அப்பா, வெள்ளகோவில்காரர், என்னிடம் பாய்ந்து வந்தார்.

“ஏனுங்க சார், அது பொம்பளப் புள்ளைங்களா? பையனோட ஓட உடறதுக்கா எம்புள்ளயக் கூட்டியாந்தேன்?”

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. பருவ வயதில் ஆண் உடல் பெறும் வலு சாதாரணமல்ல. அதனால்தான் பெண்களுக்குத் தனிப் பந்தயம். அதை இன்றும் நம்புகிறேன். ஆனால் குரலையும் ரோமத்தையும் வைத்து எதையும் முடிவுசெய்ய முடியாது என்பதையும் நான் படித்திருந்தேன். அன்று அது நினைவுக்கு வரவில்லை. ஒரு டீச்சரோடு அவளைச் சாமான் அறைக்கு அனுப்பினேன். அப்போதெல்லாம் அதுதான் வழக்கம்.

திரும்பி வந்த டீச்சர், “பொண்ணுதானுங்க சார்” என்று என் காதோடு சொன்னார். அது அங்கேயே நின்றிருக்கலாம். நான் மைக்கை எடுத்தேன்.

“சோதிச்சுப் பாத்தாச்சுங்க. பொண்ணேதானுங்க!”

திடலே சிரித்தது. இறுதிச் சுற்றில் மரகதம் இல்லை. வால்பாறை பஸ் ஏறிவிட்டாள் என்றார்கள்.

சென்ற மாதம் காரமடையில் ஒரு பெண்கள் போட்டிக்குப் போயிருந்தேன். போட்டியை நடத்தும் ஓர் அம்மாள் விசிலோடு பிள்ளைகளை விரட்டிக்கொண்டிருந்தார். அதே கட்டைக் குரல். கிட்டப் போய், “அன்னிக்கு நான் செஞ்சது தப்பு, மரகதம்” என்றேன்.

“தப்புதான் சார்” என்றார். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். “மைக் மட்டும் தர மாட்டேன். உக்காந்து பாருங்க.”

“இப்ப அப்படிப் புகார் வந்தா என்ன செய்வே?”

“மொதல்ல ஓட விடுவேன். அப்புறந்தான் டாக்டர். அவர் சொல்றது அந்தப் புள்ளைக்கும் அவ அம்மாவுக்கும் எனக்கும் மட்டுந்தான்.”

ஒரு பெண் எனக்கு டீ கொண்டுவந்து கொடுத்தாள். அன்று மாலை வரை நிம்மதியாக உட்கார்ந்திருந்தேன்.

அந்த வேப்பமரம் இன்று இல்லை. சாமான் அறையையும் இடித்துவிட்டார்கள். அவற்றுக்காக எனக்கு வருத்தமில்லை. அன்றைய இறுதிச் சுற்றில் வென்ற வெள்ளகோவில் பெண்ணின் கழுத்தில் நான்தான் மெடலைப் போட்டேன். மரகதம் ஓடியிருந்தால் யார் வென்றிருப்பார்கள் என்பது அந்தப் பெண்ணுக்கும் தெரியாமலே போய்விட்டது.