அரையங்குலம் திறந்த கிணறு

அந்தத் தெருவில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஆள் குள்ளம், தோளில் எப்போதும் அரையங்குலக் குழாய். அதனால் 'அரையங்குலம்' என்றே நிலைத்துவிட்டது. குழாய் வேலைக்கு அவளை விட்டால் அங்கே ஆள் கிடையாது.

கடலிலிருந்து மூன்றாவது தெரு அது. பதினெட்டு வீடுகள், எல்லாம் ஒட்டுச்சுவர். மாடிமேல் மாடி எழுப்பி இருநூறு பேருக்கு மேல் குடியிருந்தார்கள். ஒரு வீட்டில் தும்மினால் எதிர்வீட்டு ஜன்னலிலிருந்து, "யாருக்குச் சளி?" என்று கேட்பார்கள்.

பதினெட்டு வீட்டுக்கும் ஆழ்குழாய் போட்டு மோட்டார் பொருத்தியவள் அவள்தான். பத்து வருஷம் மூச்சு விட நேரமில்லாத வேலை. பிறகு ஒரு கோடையில் தண்ணீர் கரிக்க ஆரம்பித்தது. நல்ல தண்ணீரை உறிஞ்சி எடுத்த இடத்துக்குக் கடல் உள்ளே வந்துவிட்டது.

மூன்றாம் மாடிக் கணக்கு வாத்தியார், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், அவளைக் கூப்பிட்டார்.

"இன்னும் அறுபது அடி இறக்கிடும்மா."

"இறக்கினா உப்புதான் சார் கூடும். நான் போட மாட்டேன்."

"ஊர்ல வேற ஆளா இல்ல?"

அவள் நேரே வீட்டுக்கு வந்தாள். கீழேயே அவள் கணவனின் முடிதிருத்தும் கடை. சுழல் நாற்காலியில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். "இந்தத் தெருவுக்கு அடியில ஓட்டை போட்டதெல்லாம் நான்தானே!"

கணவன் கத்திரிக்கோலைக் கீழே வைத்தான். "அழாதே. அதுவும் உப்புத் தண்ணிதான்."

அழுகையினூடே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மறுநாள் காலை கடையின் பின்பக்கம் போனாள். உடைந்த நாற்காலிகள் குவிந்து கிடந்த சிமெண்டுப் பலகைக்கு அடியில் ஒரு பழைய கிணறு இருந்தது. கணவனும், அடுத்த வீட்டிலிருந்த நாத்தனாரும் கைகொடுக்க, பலகையை நகர்த்தினாள். பிறகு மாடிக்கு ஏறினாள். தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை, கைப்பிடிச் சுவர்களைத் தாண்டித் தாண்டியே நடந்துவிடலாம் போலிருந்தது. அங்கேயே நின்று எல்லோரையும் கூவி அழைத்தாள்.

"நெருக்கியடிச்சுக் கெடக்கோம்னு பொலம்புறோமே, இப்ப அதுதான் வசதி! பதினெட்டு மாடி மழைக்கும் ஒரே குழாய் போதும். கிணத்துல விடுவோம். வீட்டுக்குக் காலையில அரை மணி நேரம்தான் மோட்டார். சரியா?"

"கூரைத் தண்ணிய உள்ள விட்டா கடல் பயந்து ஓடிடுமா?" என்றார் வாத்தியார்.

"ஓடாது சார். பஸ்ல நீங்க வந்து இடிச்சு உக்காந்தா பக்கத்து ஆளு கொஞ்சம் நகர மாட்டாரா? அது மாதிரி."

தெருவே சிரித்தது. பதினேழு வீட்டார் சம்மதித்தார்கள். வாத்தியார் மட்டும் கதவைச் சாத்திக்கொண்டார். நடுவில் அவர் வீடு என்பதால், குழாயை அவர் மாடியின் வெளிச்சுவரை ஒட்டி வளைத்துக் கொண்டுபோனாள். கிணற்றுக்கு மேலே மணலும் ஜல்லியும் நிரப்பிய வடிகட்டும் தொட்டி கட்டினாள்.

ஒரு பிற்பகல் மழை கொட்டியது. குடையும் கூச்சலுமாக மாடிகள் நிறைந்தன. அப்போது வாத்தியார் வீட்டு வளைவில் இணைப்பு பிடுங்கிக்கொண்டது. அவள் ஓடிப்போய்ப் பார்த்தால், வாத்தியார் தொப்பலாக நனைந்து, இரண்டு கையாலும் குழாயை இறுக்கிப் பிடித்தபடி கத்திக்கொண்டிருந்தார்.

"சீக்கிரம் வாம்மா! எல்லாம் வீணாப் போகுது!"

"உங்க மாடித் தண்ணியையும் சேத்துடவா சார்?"

"இதையும் கேட்டுக்கிட்டு நிப்பியா? சேத்துடும்மா!"

முதல் வருஷம் பெரிய மாற்றமில்லை. தொட்டியைக் கழுவினாள், குழாயைச் சரிபார்த்தாள், காத்திருந்தாள். மோட்டார் நேரத்தை வாத்தியார் பார்த்துக்கொண்டார். அரை மணிக்கு மேல் ஒரு நிமிஷம் ஓடினாலும் விசில் ஊதினார். இரண்டாவது மழைக்காலம் முடிந்ததும் நாத்தனார் ஒரு வாளி இறைத்து, கையில் ஏந்திக் குடித்துப் பார்த்தாள். இன்னொரு வாய் குடித்தாள்.

"அண்ணி, கரிக்கல!"

அரைகுறை முடிவெட்டோடு கடையிலிருந்த ஆள்கூட எழுந்து ஓடிவந்தான். அன்று முழுக்கக் கிணற்றடியில் ஒரே கும்பல், ஒரே சிரிப்பு. அவளைத் தூக்கிச் சுற்றினார்கள். குள்ளமாக இருந்தது அவர்களுக்கு வசதியாகப் போயிற்று.

செய்தி பரவி அடுத்த தெருக்காரர்கள் வந்து அழைத்தார்கள். போய்ப் பார்த்தாள். அங்கே வீடுகள் இன்னும் நெருக்கம்.

"உங்க பழைய கிணறு எங்கே?"

வீட்டுக்கார அம்மா கூச்சத்தோடு தரையைக் காட்டினாள். "அதுமேலதாங்க எங்க சமையலறை."

அரையங்குலம் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு, "அடுப்பக் கொஞ்சம் தள்ளி வைக்கலாமா அக்கா?" என்று அளவு நாடாவைப் பிரித்தாள்.