கடைசி நிமிடத்தில் கேட்ட விலை

ஆன்லைன் ஏலத்தில் ஜெயிப்பது எப்படி என்று இனி என்னிடம் கேட்காதீர்கள். போன வாரத்தோடு அந்தத் தகுதி போய்விட்டது.

ஸ்ரீரங்கத்தில் என் மனைவி இட்லி மாவு வியாபாரம் செய்கிறாள். கடைகளுக்குப் பாக்கெட் போட ஒரு லோடு ஆட்டோ தேவைப்பட்டது. தவணை கட்டாததால் ஃபைனான்ஸ்காரர்கள் பிடித்துவந்த வண்டிகள் ஆன்லைனில் ஏலத்துக்கு வருமே... அதில் ஒன்றைக் குறிவைத்தேன்.

நமக்குத்தான் டெக்னிக் எல்லாம் அத்துப்படி ஆயிற்றே? எவ்வளவு வரை போகலாம் என்பதை முதலிலேயே முடிவு செய்ய வேண்டும். ரவுண்டாக விலை கேட்காமல் கொஞ்சம் சில்லறை சேர்க்க வேண்டும். முக்கியமாக, கடைசி நிமிடம் வரை மூச்சு விடக் கூடாது. எதிராளி நிம்மதியாகச் சாயும் நேரத்தில் — போடு!

போட்டேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு நடுவிலேயே ஜெயித்தேன். "எவனோ காலையிலேர்ந்து ஒத்தையா கேட்டுக்கிட்டிருந்தான், நல்லா ஏமாந்தான்" என்று மனைவியிடம் பீற்றிக்கொண்டது வேறு.

வண்டியை எடுக்க அரியமங்கலம் யார்டுக்குப் போனேன். வண்டிக்குள்ளே ஒரு பெண் உட்கார்ந்து, ஸ்டீயரிங் பக்கத்தில் ஒட்டியிருந்த சாமி படத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்கதான் எடுத்தவங்களா? ஒரு நிமிஷங்க, எங்க சாமானை எடுத்துக்கிறேன்."

பழைய சொந்தக்காரரின் மனைவி. முசிறிக்காரர்.

"எங்க வண்டியை மீட்டுடலாம்னு தம்பியை விட்டு ஏலம் கேட்டோங்க. கடைசி வரைக்கும் அவன் விலைதான் மேல இருந்துச்சு. எப்படிப் போச்சுன்னே தெரியலங்க."

எனக்குத் தெரியும். சொல்லியிருக்கலாம். "அப்படிங்களா?" என்றேன். அவர் முகத்தைப் பார்க்கவே கூசியது.

முசிறி வாழை மண்டியில் ஏலம் பார்த்திருக்கிறேன். எதிரே நிற்பவர் முகம் வாடினால், "சரி, நீங்களே எடுத்துக்கங்க" என்று ஒதுங்குபவர்கள் உண்டு. போனில் முகம் ஏது? சும்மா சமாதானம்தான்... இப்போது எதிரிலேயே முகம் இருந்ததே, வண்டியை விட்டுக்கொடுத்தேனா? மனசு வரவில்லை.

அவரே தயங்கிக் கேட்டார்.

"வண்டி ஓட்ட ஆள் இருக்காங்களா? இல்லேன்னா எங்க வீட்டுக்காரரையே வெச்சுக்கங்களேன். இந்த வண்டி அவருக்குப் பழக்கம்."

உடனே சரி என்றேன். ஏதோ பரிகாரம் கிடைத்த மாதிரி இருந்தது. சம்பளம் என்ன எதிர்பார்க்கிறார் என்று கேட்டேன். சொன்னார். நியாயமான சம்பளம்தான்.

அதையும் குறைத்துப் பேசிவிட்டுத்தான் வந்தேன்.