பஹீமா எண்ணாமல் விட்டவர்கள்

ஏறாவூர்ப் பஹீமாவை முதலில் கண்டது பல்கலைக்கழகப் புள்ளியியல் வகுப்பில். வெளிநாட்டில் உயிர்ப்புள்ளியியல் முதுகலை படிப்பதுதான் அவள் ஆசை. பட்டம் கிடைத்ததும், அங்கே இடம் பெற்றவர்கள் இணையத்தில் போட்டிருந்த பெறுபேறுகளைத் திரட்டித் தன் வாய்ப்பைக் கணித்தாள்.

“எல்லாருக்கும் என்னை விடப் புள்ளி கூட, யதுர்ஷன். சான்ஸே இல்ல. நான் அப்ளிகேஷன் போடல்ல.”

எங்கள் வீட்டின் முதல் பட்டதாரியான எனக்குச் சிரிப்பு வந்தது.

“நான் பட்டமளிப்புப் படத்த எத்தின தரம் பேஸ்புக்கில போட்டன்?”

“உங்கட ஊர் மாங்கேணிக்கே தெரியுமே!”

“ஒரு பாடம் பெயிலானதப் போட்டனா?”

அவள் தலையில் கைவைத்தாள். “யா அல்லாஹ்! பெருமைக்காரங்கள மட்டும் எண்ணியிருக்கன்; குறைஞ்ச புள்ளியில இடம் கிடைச்சவங்க அதப் போடமாட்டாங்களே. இது முதல் வருசப் பாடமெல்லா!”

அன்றே விண்ணப்பித்தாள். இப்போது கனடாவில் உயிர்ப்புள்ளியியல் முதுகலை படிக்கிறாள். தன் குறைந்த புள்ளிகளையும் மறைக்காமல் இணையத்தில் போட்டிருக்கிறாள்.