சாமிக்கு வைத்த பங்கு

சனிக்கிழமை காலை பத்தரை மணிக்கு எங்கள் பிரிவுத் தலைவர் நாயர் சார் தொலைபேசியைக் கீழே வைத்துவிட்டு என் மேசைக்கு நடந்து வந்தார். அவர் யார் மேசைக்கும் நடந்து வருகிறவர் அல்ல. உட்கார்ந்த இடத்திலிருந்தே சத்தம் போடுகிறவர். அதனால் அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. "தங்கம்மே, ராஜம் போயி" என்றார். நான் ஒரு பாலத்தின் படத்தில் கோடு இழுத்துக்கொண்டிருந்தேன். அந்தக் கோட்டை முடித்துவிட்டுத்தான் பேனாவைக் கீழே வைத்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

இறந்தவரைப் பற்றி எழுதும்போது 'அவர்' என்று எழுத வேண்டும் என்று ஒருவர் சொன்னார். எனக்கு வரவில்லை. இருபத்தோரு வருஷம் பக்கத்துப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து, ஒரே மைக்கூட்டில் பேனாவை முக்கி எடுத்தவள் அவள். அவளைத் தெரிந்தவர்களுக்காக எழுதுகிறேன்; நீங்கள் தப்பாக நினைக்க மாட்டீர்கள்.

திருவனந்தபுரம் தம்பானூரில் எங்கள் அலுவலக மாடியில் நாங்கள் இருவரும் டிரேஸர்கள். பொறியாளர்கள் பென்சிலில் போட்ட படத்தின் மேல் மெழுகுத் துணியை விரித்து மையால் நகல் எடுப்பது வேலை. நான் திருநெல்வேலிக்காரி. அவள் கரமனை அக்ரகாரத்துப் பெண். ராஜத்தின் கை நடுங்கி யாரும் பார்த்ததில்லை. அவள் எடுத்த நகலையும் மூலத்தையும் அடுத்தடுத்து வைத்தால் கோட்டுக்குக் கோடு ஒத்துப்போவதைப் பார்த்து நாயர் சாரே ஒரு நிமிஷம் திகைப்பார்.

எழுபதுகளின் தொடக்கத்தில் அவள் கணவர் சுந்தரம் சாருக்கு மாரடைப்பு வந்தது. பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். சர்க்கரையும் இருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. டாக்டர் ஒரு தாளில் டைப் அடித்துக் கொடுத்தார்: தேங்காய் கூடாது, தேங்காயெண்ணெய் கூடாது, நெய், வெல்லம், சர்க்கரை கூடாது. எது எதில் எத்தனை கலோரி என்று பக்கத்திலேயே ஒரு பட்டியல். ராஜம் அந்தத் தாளை மெழுகுத் துணியில் அழகாக நகலெடுத்து அடுக்களைச் சுவரில் மாட்டினாள். "தேங்காய் கூடாதுன்னா திருவனந்தபுரத்திலே மனுஷன் என்னத்தைத் திங்கறது, கஞ்சியா?" என்று என்னிடம் கேட்டாள். சுந்தரம் சாரோ கஞ்சியைப் பார்த்தால் கண் கலங்குகிற ஆசாமி. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த முதல் வாரம் அவர் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "இப்படி இருந்துண்டு என்ன பண்ணப் போறேன்?" என்றாராம். அன்றைக்கு அவள் முடிவு செய்தாள்.

அவருக்குப் பிடித்த ஒவ்வொன்றையும் அவள் குறைத்துச் செய்யக் கற்றாள். சொல்லித் தர ஆள் இல்லை. அவியலுக்குத் தேங்காய்க்குப் பதில் வெள்ளைப் பூசணியை வேகவைத்து, சீரகமும் பச்சைமிளகாயும் வைத்து அரைத்து, ஆடை எடுத்த தயிரில் கலந்து ஊற்றுவாள். இறக்கியபின் கறிவேப்பிலை மேல் ஒரே ஒரு துளி பச்சைத் தேங்காயெண்ணெய், மணத்துக்கு. அடை வார்க்க, கத்தரிக்காய்க் காம்பை எண்ணெயில் ஒற்றிக் கல்லில் தேய்ப்பதோடு சரி. பருப்பு வடையை இட்லித் தட்டில் ஆவியில் வேகவைத்துப் பிறகு கல்லில் முறுக விடுவாள். பால் பாயசத்துக்கு ஆடையில்லாத பாலை மணிக்கணக்கில் சிறு தீயில் காய்ச்சி நிறம் வர வைப்பாள். சர்க்கரைக்குப் பதில் போடும் சாக்கரின் மாத்திரையை அடுப்பில் இருக்கும்போது போட்டால் கசக்கும், இறக்கி ஆறியபின் போட வேண்டும். இது தெரிவதற்குள் மூன்று தடவை பாயசத்தைக் கீழே கொட்டினாளாம்.

மிச்சம் மத்தியானச் சாப்பாட்டுக்கு வரும். "இன்னிக்கு எரிசேரியோட டிரேஸிங்" என்று சொல்லி என் டப்பா மூடியில் ஒரு கரண்டி போடுவாள். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை என் முகத்தையே பார்ப்பாள். முதலில் பொய் சொன்னேன். பிறகு பொய் சொல்லத் தேவையில்லாமல் போயிற்று. நேந்திரங்காய் வறுவல் மட்டும் கடைசிவரை உருப்படவில்லை. "தபால் கார்டைக் கடிச்ச மாதிரி இருக்குட்டி" என்றேன். "சாரமில்லே, நாளைக்கு நன்னா வரும்" என்றாள். 'சாரமில்லே' அவளுக்கு மூச்சு மாதிரி. எது போனாலும் பரவாயில்லை என்று அதற்கு அர்த்தம்.

ஒருமுறை அலுவலகத்தில் எல்லோரும் குடும்பத்தோடு பொன்முடிக்குப் போனோம். வழியில் கல்லாறு கிராமத்தில் பஸ் நின்றது. சாயாக்கடையில் நேந்திரம்பழத்தை மாவில் தோய்த்துப் பொரித்த பழம்பொரி எண்ணெய் சொட்டச் சொட்ட வந்துகொண்டிருந்தது. சுந்தரம் சார் அதைப் பார்த்த பார்வை எனக்கு மறக்காது. ராஜம் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தாள். ஆவியில் வெந்த அதே பழத்தை மெல்லிய மாவில் தோய்த்துக் கல்லில் வாட்டியது. அவர் தின்றுவிட்டு, "அசலேதான் ராஜம்!" என்றார். அவள் தண்ணீர் எடுக்க ஆற்றங்கரைக்குப் போனதும் என் பக்கம் குனிந்தார். "நன்னாவே இல்லை. ஆனா சொல்லப்படாது, கேட்டேளா?" என்றார். இரண்டு பேரையும் பார்த்து அன்று நான் சிரித்த சிரிப்பு!

இனி எழுத வேண்டியது எனக்குச் சுலபம் அல்ல.

அந்த வீட்டில் சமைத்ததைச் சாமிக்குப் படைக்காமல் வாயில் வைக்க மாட்டார்கள். கரண்டியில் எடுத்து ருசி பார்ப்பதுகூடக் கிடையாது. குறைத்துச் செய்ய ஆரம்பித்த புதிதில் ராஜம் அந்தப் பூசணி அவியலையே படைத்தாள். பூஜையில் உட்கார்ந்திருந்த சுந்தரம் சார் கிண்ணத்தைப் பார்த்துவிட்டு, "பகவானுக்குமா பத்தியம்?" என்று கேட்டார். கோபமாக அல்ல, வருத்தமாக. அது அவளுக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. மறுநாளிலிருந்து இரண்டு சமையல். அவருக்குக் குறைத்தது ஒன்று. சாமிக்கு ஒரு சின்ன வெண்கல உருளியில் தேங்காயும் நெய்யும் வெல்லமும் குறைவில்லாமல் இன்னொன்று. படைத்தபின் சுந்தரம் சார் ஒரு பருக்கையைக் கண்ணில் ஒற்றி வாயில் போட்டுக்கொள்வார். அதற்கு மேல் அவர் தொடக் கூடாது.

மீதி? பிரசாதத்தைக் கொட்டக் கூடாது. வீட்டில் வைத்துவிட்டுப் போனால் அவர் கை சும்மா இருக்காது. பிள்ளைகள் இல்லாத வீடு. எட்டே முக்கால் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். அவள் அடுக்களையில் நின்றபடியே உருளியை வழித்து வாயில் போட்டுக்கொண்டு ஓடி வருவாள். அவரிடம், அடுத்த வீட்டுக் குழந்தைகளுக்குக் கொடுத்ததாகச் சொல்லியிருந்தாள். ஒரு நாள் இல்லை, ஒரு மாதம் இல்லை. பன்னிரண்டு வருஷம்.

இது எனக்கு ஆரம்பத்திலேயே தெரியும். "ஏட்டி ராஜம், அத இங்கன கொண்டா. நான் தின்னு தீத்துருதேன். நீ எதுக்கு உருளி கழுவுத மாதிரி வயித்துக்குள்ள தள்ளுத?" என்று கேட்டேன். அவள் சிரித்தாள். "நீ மீன் கொழம்பு டப்பாவோட உக்காந்திருக்கே. அதுக்குப் பக்கத்திலே கொண்டுவந்து பகவான் பங்கை வைக்கறதா? நன்னாருக்கு போ!" என்றாள். அவள் மனதில் ஒன்றும் இல்லை, விளையாட்டாகத்தான் சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது. என் மூடியில் அவள் போட்டதை எல்லாம் அப்போதும் சாப்பிட்டேன். ஆனால் அந்தப் பங்கைப் பற்றி மறுபடி நான் வாய் திறக்கவில்லை. ரோஷம்! மீன் தின்கிறவளுக்கு ரோஷம் இருக்காதா என்ன? அந்த ரோஷத்தை இப்போது எங்கே கொண்டுபோய்ப் போடுவது என்றுதான் தெரியவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன் அவள் அடிக்கடி தண்ணீர் குடிக்க எழுந்து போனாள். ஒரு மத்தியானம் படத்தின் மேலேயே தலை சாய்ந்துவிட்டாள். நான்தான் டாக்டரிடம் கூட்டிப்போனேன். சர்க்கரை கண்டபடி ஏறியிருந்தது. வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவர்ட்ட சொல்லிடாதே தங்கம். சொன்னா எனக்காகத் தட்டைத் தள்ளிடுவார். பத்து வருஷப் பாடு."

"சரி, சொல்லல. நீ அந்த உருளிய மட்டும் நிப்பாட்டு. ஒரு பழத்த வச்சுக் கும்பிட்டா சாமி கோவிச்சுக்கிடுமா?"

"நிறுத்தப் பயமா இருக்குடி. அதை வெக்க ஆரம்பிச்சப்புறம்தான் அவர் பிழைச்சுக் கெடக்கார். நாளைக்கு நிறுத்தி, நாளன்னிக்கு ஏதாவது ஆச்சுன்னா?"

பூசணிக்காயும் ஆடையெடுத்த பாலும் செய்ததை அவள் உருளியின் கணக்கில் எழுதிவிட்டாள். நான் அதற்கு மேல் அவளை வற்புறுத்தவில்லை. அவரிடமும் சொல்லவில்லை. நல்ல சிநேகிதி என்று அவள் என்னை நம்பியது அதற்காகத்தான்.

கால் விரலில் புண் வந்தது. ஆறவில்லை. செருப்பில்லாமல் துணி சுற்றிக்கொண்டு மாடிப்படி ஏறினாள். அவள் போவதற்கு ஒன்பது நாளுக்கு முன் ஒரு எவர்சில்வர் டப்பாவை எடுத்து வந்து என் முன்னால், மீன் குழம்புக்குப் பக்கத்திலேயே வைத்தாள்.

"எனக்கு இனி முடியலை தங்கம். மதி, போதும். நீ சாப்பிடு. நீ கேட்ட அன்னிக்கே கொடுத்திருக்கணும்."

திறந்தேன். அவியல். தேங்காய் நிறைய அரைத்து, தேங்காயெண்ணெய் மினுங்க, அவள் கையால் செய்த மூலம். அத்தனை வருஷம் நகலையே தின்ற எனக்கு அன்றுதான் அது கிடைத்தது. அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டப்பாவை வழித்து முழுவதையும் சாப்பிட்டேன். மறுநாள் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பவில்லை.

காரியங்கள் எல்லாம் முடிந்தபின் கரமனைக்குப் போனேன். சுந்தரம் சார் நாற்காலியில் இருந்தார். "ஷுகர் ரெண்டு வருஷமா உண்டுன்னு ஆஸ்பத்திரியிலேதான் தெரிஞ்சது. அடுத்தாத்துலே கேட்டேன். குழந்தைகளுக்கு ஒண்ணும் கொடுத்ததில்லையாம். உங்களுக்குத் தெரியுமோ?" என்று கேட்டார். தெரியும் என்றேன். அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

சமைக்க ஒரு அம்மாள் வந்துபோகிறாராம். பூசணி அவியல் எப்படிச் செய்வது, சாக்கரின் எப்போது போடுவது என்று எல்லாம் எழுதி எடுத்துப்போயிருந்தேன். நீட்டினேன். அவர் வாங்கி, படிக்காமல் மடித்து வைத்தார். சுவரில் அந்த மெழுகுத் துணி அப்படியே தொங்கியது.

"இப்போ ரெண்டு சமையல் இல்லை, ஒண்ணுதான். பகவானுக்குப் படைச்சதை நானே சாப்பிடறேன்" என்றார்.

"சார், தேங்காய்..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும். அவ சாப்பிட்டாளே."

ராஜத்தின் பன்னிரண்டு வருஷத்தையும் அவர் உருளியிலிருந்து எடுத்துத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று தீர்த்துவிடுவார். தடுக்க என்னால் முடியாது. தடுத்திருக்க வேண்டிய ராஜத்தையே தடுக்காதவள் நான்.

அவளுடைய எவர்சில்வர் டப்பா அன்று என் பையில்தான் இருந்தது. கழுவித் துடைத்துக் கொண்டுபோயிருந்தேன். பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கூடாது. ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுக் கொடுப்பதுதான் எங்கள் வழக்கம். அந்த வீட்டுக்குச் சர்க்கரை போட முடியுமா? வேறு என்ன போடுவது என்று, அவள் டப்பாவைக் கொடுத்ததிலிருந்து ஒன்பது நாளும் யோசித்துக்கொண்டிருந்தேன். அதற்குள் நாயர் சார் என் மேசைக்கு நடந்து வந்துவிட்டார். டப்பா என்னிடமே இருக்கிறது, வெறும் டப்பாவாக.