கத்தி உருவ ஒரு சுற்று

போன வாரம் புதுச்சேரியில் ஒரு காபிக் கடை. பக்கத்து மேசையில் நாலு பிள்ளைகள் பல முகப் பகடையை உருட்டிக்கொண்டு, வாளை உருவ ஒரு சுற்று போகுமா போகாதா என்று மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். எனக்கு எங்கிருந்தோ ஈரச் சாக்கின் உப்பு வாடை வந்தது. நம்புங்கள், அந்த வழக்கில் முதல் தீர்ப்புச் சொன்ன நீதிபதி நான்தான். மரக்காணத்தில், எழுபதுகளின் கடைசியில்.

அப்போது உப்பளத்தில் குமாஸ்தா. ஐப்பசி மழை இறங்கினால் பாத்தியெல்லாம் குளம். தை வரைக்கும் சாக்குக் கொட்டகையில் ஈ ஓட்டுவதுதான் உத்தியோகம். ஊர் திரும்பிய வெள்ளைக்காரர் யாரோ பழைய புத்தகக் கடையில் போட்டுவிட்டுப் போன ஒரு புத்தகத்தை, அட்டையில் பூதம் இருக்கிறதே என்று வாங்கியிருந்தேன். பார்த்தால் விளையாட்டு. பலகை, காய் எதுவும் கிடையாது. ஆளுக்கொரு வீரனாகி வாயாலேயே சண்டை போட வேண்டும். ஒருத்தர் கதை சொல்லி நடத்த வேண்டும். இருபது முகப் பகடைக்கு எங்கே போவது? பவுடர் டப்பாவில் எண் எழுதிய இருபது துண்டுச் சீட்டு. கடல்காற்றில் இரண்டு ஒட்டிக்கொண்டு வந்தால் எது செல்லும் என்பதும் என் தீர்ப்பே. அந்த ஆங்கிலத்தில் பாதி எனக்கே புரியவில்லை என்பது கூட ஆடிய இருவருக்கும் தெரியாது. அதிகாரம் என்றால் வேறென்ன.

ஒருவன் லாரிக்கு மூட்டை ஏற்றும் கூனிமேட்டு அன்வர். இன்னொருவன், கடல் கொந்தளித்தால் வலையை மடித்துவிட்டு வரும் அனுமந்தை ஏழுமலை. அன்வர் தன் வீரனுக்கு சுல்தான் என்று வைத்தான். ஏழுமலை வைத்த பெயர் குப்புசாமி. சூரனுக்கு ரேஷன் கார்டுப் பேரா என்று கேட்டுவிட்டு நானே சிரித்தும் கொண்டேன்.

ஒருநாள் மத்தியானம் நல்ல மழை. கதையில் ஒரு கடற்பூதம் குப்புசாமியின் காலைப் பிடித்து இழுத்தது. வெட்டுறேன் என்றான் ஏழுமலை. கத்தி எங்கே என்றேன். இடுப்பில் என்றான். புத்தகத்தில் விரலை வைத்தேன். கையில் இருப்பதாக முன்பே சொல்லாத ஆயுதத்தை உருவ ஒரு சுற்று போய்விடும். வெட்டு அடுத்த சுற்றில்தான். அதற்குள் குப்புசாமி தண்ணீருக்கடியில்.

"ஏம்பா, இடுப்புல இருக்கற கத்திய எடுக்க ஒரு சுத்தா?" என்று அன்வர் எகிறினான். ஏழுமலை எழுந்து, தன் நிஜக் கத்தியை லுங்கியில் செருகிக்கொண்டு எண்ணச் சொன்னான். அன்வர் இரண்டு என்பதற்குள் கத்தி கையில். தோற்பது எனக்குப் பிடிக்காது. ஜோக் அடித்தேன்.

"காஞ்ச லுங்கில நானும்தான் உருவுவேன். நனைஞ்ச துணில உருவு, பாக்கலாம்."

"நனைஞ்சா வராது," என்றான் ஏழுமலை. மழையிலேயே இறங்கிப் போய்விட்டான்.

பிறகு அன்வர்தான் சொன்னான். குப்புசாமி ஏழுமலையின் அண்ணன். போன வருஷம் வலைக்கயிறு காலில் மாட்டி, கட்டுமரத்திலிருந்து இழுத்துக்கொண்டு போனது. இடுப்பில் கத்தியைத் தடவிக்கொண்டே முழுகினானாம். அதே கட்டுமரத்தில் ஏழுமலையும் இருந்திருக்கிறான்.

மறுநாள் விடிந்ததும் அனுமந்தைக்கு சைக்கிள் மிதித்தேன். கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்தான். நான் படித்தது தப்பு, சின்னக் கத்திக்கு அந்த விதி கிடையாது, உருவி அதே சுற்றில் வெட்டலாம், குப்புசாமி பிழைத்துவிட்டான் என்று மூச்சுவிடாமல் பொய் சொன்னேன். சிரிப்பான் என்று முகத்தைப் பார்த்தேன்.

அவன் கை நின்றுவிட்டது.

"அப்போ நேரம் இருந்துச்சுங்கறியா?" என்றான். வலையைக் கீழே போட்டுவிட்டு, "எங்கிட்டயும் ஒரு கத்தி இருந்துச்சுப்பா. இடுப்புலதான்."

ஒரு சுற்று ஆகும் என்ற என் தீர்ப்பைத்தான் அவன் ஆறுதலாகப் பிடித்துக்கொண்டிருந்தான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. இல்லப்பா, இப்பதான் பொய் சொன்னேன், ஒரு சுத்து ஆவும் என்று உளறினேன். "சரி, வுடு," என்றான். இரக்கப்பட்டுச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டான். அந்த ஒருநாள் நான் சொன்ன நிஜம் செல்லவில்லை.

அடுத்த மழைக்கு அவன் வரவில்லை. கொட்டகை இருந்த இடத்தில் இப்போது இறால் குட்டை. அன்வர் துபாய்க்குப் போனவன்தான். புத்தகத்தைச் செல் அரித்துவிட்டது. ஏழுமலை காசிமேட்டில் விசைப்படகு ஏறி, அங்கேயே காலமானதாகக் கேள்வி. படகில் அவனோடு வேலை பார்த்த ஒருவர் சொன்னார்: கடலில் இருக்கும்வரை கத்தியை இடுப்பில் செருகவே மாட்டானாம். கையில்தான். சோறு தின்னும்போது இடது கைக்கு மாற்றிக்கொள்வானாம்.