ஐந்து மாத அண்ணன்

காலை ஒன்பது இருபது. டொராண்டோ குடிவரவு விசாரணை அறைக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது, ஆறுமுகம் மடியில் வைத்திருந்த பள்ளிச் சான்றிதழ். திண்டுக்கல் கோர்ட்டில் டவாலி பெயரைக் கூவினால் வேப்பமரத்தடி வரை தலைகள் திரும்பும். இங்கே தீர்ப்பாளரம்மாவே கதவைத் திறந்து வந்து, எங்கள் பெயர்களைச் சொல்லி, உச்சரிப்பு சரிதானா என்று கேட்டார். இங்கே வக்கீலாகிப் பத்தாண்டு ஆகியும் எனக்கு இது பழகவில்லை.

ஆறுமுகம் தொப்பம்பட்டிக்காரர், இங்கே உணவகத்தில் சமையல் வேலை. தாயை அழைத்துவர விண்ணப்பித்திருந்தார். தூதரகம் மறுத்துவிட்டது. சான்றிதழ்படி அவர் பிறந்தது ஜூன் ஒன்று. தம்பி அதே ஆண்டு நவம்பர். ஒரு தாய்க்கு ஐந்து மாத இடைவெளியில் இரு பிள்ளைகள் பிறக்க முடியாது. ஆகவே இவர் அந்தத் தாயின் மகன் அல்லர் என்பது அவர்கள் முடிவு. மேல்முறையீட்டுக்கு என்னிடம் வந்தார்.

வக்கீல் ஆவதற்கு முன், தொண்ணூறுகளில், கிராமப் பள்ளிகளின் சேர்க்கைப் பதிவேடுகளைப் பற்றி ஆய்வு செய்தேன். சின்னாளப்பட்டிப் பக்கத்து ஊர் ஒன்றில் பழைய ஏட்டைப் புரட்டினால் பக்கத்துக்குப் பக்கம் ஜூன் ஒன்று. தலைமையாசிரியரிடம் கேட்டேன்.

"ஆத்தாகாரி வெள்ளம் வந்த வருசம்ங்கிறா. வெள்ளத்துக்கு ஏதுப்பா தேதி? நாந்தேன் போட்டேன். இந்த ஊர்ல பாதிப் பேருக்கு ஜாதகம் எழுதுனதே நாந்தேன்!" என்று சிரித்தார்.

அந்த ஏட்டின் நகல்களை இப்போது தாக்கல் செய்திருந்தேன். தீர்ப்பாளர் ஆறுமுகத்தைப் பார்த்து, வயதை எப்படி முடிவு செய்தார்கள் என்று கேட்டார். அவர் எழுந்து, வலது கையைத் தலைக்கு மேல் வளைத்து இடது காதைத் தொட்டுக் காட்டினார்.

"ஏழு வயசு வரைக்கும் ஆடு மேச்சுட்டிருந்தனுங்க. வாத்தியார் இப்படித் தொடச் சொன்னாருங்க. தொட்டனுங்க. அஞ்சுன்னு எழுதிட்டாருங்க."

மொழிபெயர்ப்பாளர் சொல்லி முடித்ததும் அரசு வக்கீல் குறுக்கிட்டார்: "இது மருத்துவப் பரிசோதனையா?"

"பள்ளிக்கூடச் சேர்க்கை" என்றேன். கை எட்டாவிட்டால் ஐந்து ஆகவில்லை என்று அனுப்பிவிடுவார்கள். எட்டினால் ஐந்து; பள்ளி திறக்கும் ஜூன் ஒன்றே பிறந்த தேதி. ஏழு வயதுப் பையனுக்கும் அது எட்டும். அவனுக்கும் ஐந்துதான் எழுதுவார்கள். தம்பி பழனி ஆஸ்பத்திரியில் பிறந்தவர், அவர் தேதி மட்டும் உண்மையானது என்று விளக்கினேன்.

"உங்கள் அம்மா சரியான வயதைச் சொல்லியிருக்கலாமே?" என்றார் தீர்ப்பாளர்.

"அம்மாளை ஆருங்க கேட்டாங்க?"

தீர்ப்பாளர் பேனாவை வைத்தார். தன் வலது கையை மெல்லத் தூக்கித் தலைக்கு மேல் கொண்டுபோனார். விரல் காதைத் தாண்டி வெகுகீழே இறங்கியது. மறுபடி பேனாவை எடுத்து எழுதினார்.

ஐந்து வாரம் கழித்துத் தீர்ப்பு வந்தது: மேல்முறையீடு ஏற்கப்பட்டது, ஆறுமுகம் அவர் தாயின் மகன்தான். என் அலுவலகத்திலிருந்தே ஊருக்குப் பேசினார். ஒலிபெருக்கியில் அந்தம்மாவின் குரல் தெளிவாகக் கேட்டது.

"உன்னையப் பெத்தவ நாந்தான்னு வெள்ளக்காரன் ஒத்துக்கிட்டானாக்கும்? செரி, வர்றேன். நான் அங்க வந்துட்டா சின்னவன் ஊட்ல ஆருடா இருக்கறது?"

ஆறுமுகம் ஒலிபெருக்கியை அணைத்து, போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போனார்.

மார்ச்சில் விமான நிலையத்துக்கு நானும் போயிருந்தேன். அந்தம்மாவின் கைப்பையில் கனடாவில் நிரந்தரமாக வாழும் அனுமதியும், செப்டம்பரில் ஊர் திரும்பும் விமானச் சீட்டும் இருந்தன.