மூன்றாம் பாட்டுக்கு முன்னால் ஒரு டக்

அந்தத் தெருவில் அவளுடைய பெயர் யாருக்கும் தேவைப்பட்டதில்லை. காதுக்காரி வீடு எது என்று கேட்டால் சின்னக் குழந்தைகூடக் கையைக் காட்டிவிடும். மருமகன் மோட்டார் சைக்கிள் மெக்கானிக். அவனுக்கே பிடிபடாத வண்டி வந்தால் நேராக வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தி, "அத்தை, ஒரு நிமிஷம் கேட்டுச் சொல்லுங்க" என்பான். அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து கண்ணை மூடுவாள். பத்து எண்ணுவதற்குள், "வால்வு தட்டுது. பிஸ்டன்ல கை வைக்காத" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவாள். பிரித்துப் பார்த்தால் சொல்லி வைத்தாற்போல வால்வுதான். எழுபது வயதிலும் அப்படி ஒரு காது.

அப்பேர்ப்பட்ட காதையும் ஒரு தடவை சரியில்லை என்று ஒதுக்கி வைத்தார்கள். அது நடந்து நாற்பத்தெட்டு வருஷமாகிறது. அவள் அதை மறக்கவும் இல்லை, மறந்த மாதிரி நடிக்கவும் இல்லை.

அப்போது அவளுக்கு இருபத்திரண்டு வயது. இசைத்தட்டு அச்சடிக்கும் தொழிற்சாலையில், கேட்கும் அறையில் வேலை. மூன்று பக்கமும் கண்ணாடி, நடுவில் ஒரு நாற்காலி, காதை மூடும் பெரிய ஹெட்போன். இயந்திரத்திலிருந்து வரும் தட்டுகளில் நூற்றுக்கு ஒன்றை எடுத்து ஓடவிட்டுக் கேட்க வேண்டும். "கொடுத்து வச்சவடி நீ, நாள் பூரா பாட்டு கேக்குறதுக்குச் சம்பளம்" என்று தோழிகள் பொறாமைப்பட்டார்கள். அவளுக்குச் சிரிப்பு வரும். பாட்டு ஓடும் இடத்தில் பழுது மறைந்துகொள்ளும் என்று, பாட்டு இல்லாத இடங்களில்தான் ஊசியை வைக்கச் சொல்லியிருந்தார்கள். தட்டின் தொடக்கம், ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி, கடைசியில் வரும் வெற்றுச் சுற்று. பாட்டு ஆரம்பித்ததும் ஊசியைத் தூக்கிவிட வேண்டும். மூன்று வருஷம் வேலை பார்த்தும் ஒரு பாட்டைக்கூட அவள் முழுசாகக் கேட்டதில்லை. விருந்து பரிமாறுகிறவன் பட்டினி கிடந்த கதைதான்.

அந்த வருஷம் வெளிநாட்டு ராக் குழு ஒன்றின் தட்டு அச்சுக்கு வந்தது. அட்டைப்படத்தில் ஒரு பாடகன். இமையில் நீலச் சாயம், கன்னத்தில் மினுமினுப்பு, தோளில் இறகு, காலில் வெள்ளி நிற பூட்ஸ். குதிகால் மட்டும் ஒரு சாண் இருக்கும். ஆணா பெண்ணா என்று பேக்கிங் பெண்கள் பட்டிமன்றமே நடத்தினார்கள். "யாரா இருந்தா என்ன, பூட்ஸ் ஜோரா இருக்கு" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு அவள் ஹெட்போனை மாட்டினாள்.

முதல் பக்கத்தில் இரண்டாம் பாட்டு முடிந்து மூன்றாம் பாட்டு தொடங்குவதற்கு முன்னால், ஒரு டக். மெல்லிசாக, ஒரே ஒரு தடவை. அடுத்த தட்டை எடுத்தாள், அதே இடத்தில் அதே டக். பத்துத் தட்டு பார்த்தாள், பத்திலும் இருந்தது. தூசி என்றால் தட்டுக்குத் தட்டு இடம் மாறும். இது மாறவில்லை. அச்சில்தான் எங்கோ பொடிக் குழி விழுந்திருக்கிறது என்று முடிவு கட்டினாள். கொக்கியில் சிவப்பு அட்டையை மாட்டினாள். அட்டை தொங்கினால் யாரையும் கேட்காமல் இயந்திரத்தை நிறுத்த வேண்டும் என்பது அங்கே சட்டம். நான்கு இயந்திரமும் நின்றன.

சூப்பர்வைசர் ஓடிவந்தார். வாசலில் லாரி காத்திருந்தது. ஹெட்போனை வாங்கி மாட்டிக் கேட்டார்.

"ஒண்ணும் கேக்கலையேம்மா."

"இன்னொரு தடவை கேளுங்க சார். சரியா மூணாவது பாட்டுக்கு முன்னால."

இன்னொரு தடவை கேட்டார். கழற்றி வைத்தார். "பிரமைம்மா உனக்கு. காது களைச்சுப் போச்சு." அட்டையை அவரே கழற்றினார். மறு திங்கட்கிழமை அவளை பேக்கிங் அறைக்கு மாற்றினார்கள். அங்கே பதினாறு வருஷம் காகித உறை மடித்தாள். அந்தத் தட்டை மட்டும் இந்த ஜென்மத்தில் காதில் வாங்குவதில்லை என்று வைராக்கியம் வைத்தாள். ரோஷம் என்றால் அவளிடம்தான் கடன் வாங்க வேண்டும்.

சூப்பர்வைசருக்கு இப்போது எழுபத்தெட்டு வயது. வீடு அடுத்த தெருவில். தினமும் காலையில் நடைப்பயிற்சிக்கு அவள் வாசல் வழியாகத்தான் போவார். அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அவரும் எதிர்ச் சுவரில் ஏதோ எழுதியிருப்பதுபோல அதையே படித்துக்கொண்டு போய்விடுவார்.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் மருமகன், பழுது பார்த்து முடித்த பழைய ரெக்கார்ட் பிளேயர் ஒன்றையும் பழைய சாமான் கடையில் அள்ளிய ஒரு கட்டுத் தட்டுகளையும் கூடத்தில் பரப்பினான். அந்தக் கட்டுக்குள் நான்காவதாக வெள்ளி பூட்ஸ் எட்டிப் பார்த்தது.

காதுக்காரி அதைக் கையில் எடுத்தாள். தட்டை உருவி ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்து, லேபிளை ஒட்டிய வெற்று இடத்தில் கீறியிருந்த எண்ணைப் படித்தாள். "எங்க தட்டுதான். நான் அட்டை மாட்டின அன்னிக்கு ஓடின அச்சு."

மகளுக்கு இந்தக் கதை தாய்ப்பாலோடு ஊட்டப்பட்டது. பதறிப்போய், "வேணாம்மா. எடுத்து வச்சிடலாம்" என்றாள்.

அவள் பதறியதில் நியாயம் இருந்தது. கேட்காத வரைக்கும் அம்மா சொன்னதுதான் சரி. கேட்டு, அங்கே டக் இல்லாமல் போனால்? நாற்பத்தெட்டு வருஷத்து ரோஷமும் வெறும் பிரமை என்றாகிவிடும். காதுக்காரிக்கும் அது தெரியும்.

"போடுப்பா" என்றாள். "ஊசியைத் தூக்காத. முதல்லேர்ந்து முழுசா ஓடட்டும்."

பழைய பழக்கம், முதுகை நிமிர்த்தி, ஊசியைத் தூக்கப்போவதுபோல ஒரு விரலை உயர்த்திக்கொண்டு உட்கார்ந்தாள். முதல் பாட்டு ஆரம்பித்ததும் விரல் தானாக இறங்கிவிட்டது. டிரம்ஸ் நெஞ்சிலேயே வந்து விழுந்தது. கிட்டார் எகிறியது. பாடகன் வம்புக்கு இழுக்கிற குரலில் பாடினான், கொஞ்சினான், திடீரென்று உச்சத்துக்குப் போய்த் திரும்பி வந்தான். ஒரு வார்த்தையும் புரியவில்லை. ஆனாலும் அந்த ஆள் யாருக்கும் பயப்படாதவன் என்பது புரிந்தது, அது அவளுக்குப் பிடித்தது. பாட்டுக்கு நடுவே எல்லா வாத்தியமும் நிற்க, வெறும் கைதட்டலும் மரத்தரையில் கால் உதைக்கும் சத்தமும் மட்டும் வந்தன. டக், டக், டக். கன சத்தம். இரண்டாம் பாட்டிலும் அதே உதை. அவள் பாதமும் கூடவே தட்ட ஆரம்பித்ததை மகள் பார்த்தாள்.

இரண்டாம் பாட்டு முடிந்தது. பழைய தட்டின் பொரபொரப்பு மட்டும் ஓடியது. அதற்கு நடுவே, டக்.

"கேட்டுச்சா?"

மகள் உதட்டைப் பிதுக்கினாள். மருமகன் ஊசியைப் பின்னால் வைத்து, ஸ்பீக்கரில் காதை ஒட்டிக்கொண்டு கேட்டான். துள்ளி எழுந்தான். "இருக்கு அத்தை! சத்தியமா இருக்கு!"

காதுக்காரி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள், கண்ணில் நீர் வழிந்தது. "பழுது இல்லடா அது. பாட்டுல உதைக்கிறானே, அதே பூட்ஸ்! பாட வந்து நிக்கிறான், குதிகால் தரையில பட்டிருக்கு. அன்னிக்கு ஒரே ஒரு பாட்டை முழுசா கேட்டிருந்தா நான் அட்டையைத் தொட்டே இருக்க மாட்டேன். ஒரு பூட்ஸுக்காக நாலு மிஷினை நிறுத்தியிருக்கேன் பாரு!"

"அப்ப நீ சொன்னது தப்புதானேம்மா?"

"பழுதுன்னு சொன்னது தப்பு. கேட்டுச்சுன்னு சொன்னது சரி. எனக்குக் குடுத்த வேலை கேக்குறதுதான்."

அப்படியொரு பெருமிதத்தோடு அவள் நிமிர்ந்தபோது வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. யாருடையது என்று அவளுக்குப் பார்க்காமலே தெரியும். எழுந்து போய்க் கதவைத் திறந்தாள்.

"சார்! உள்ள வாங்க. ஒரு தட்டு கேக்கணும்."

நாற்பத்தெட்டு வருஷத்துக்குப் பிறகு அவள் அவரிடம் பேசிய முதல் வார்த்தை அது. அவர் எதிர்ச் சுவரைப் படிப்பதை நிறுத்திவிட்டு வந்தார். அட்டையில் பூட்ஸைப் பார்த்ததும் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். மருமகன் இரண்டாம் பாட்டின் கடைசியில் ஊசியை வைத்தான். பொரபொரப்பு, டக், மூன்றாம் பாட்டு.

இன்னொரு தடவை போடு என்று அவர் கேட்கவில்லை. கைத்தடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருக்கும்மா" என்றார். "அன்னிக்கும் கேட்டுச்சு. ரெண்டு தடவையும் கேட்டுச்சு. லாரி வாசல்ல நின்னுச்சு. கேட்டுச்சுன்னு சொன்னா தலைமை ஆபீஸுக்கு நான் பதில் சொல்லணும். கேக்கலைன்னா அத்தோட முடிஞ்சுது."

மகளுக்கு முகம் சிவந்துவிட்டது. மருமகன் பாட்டின் சத்தத்தைக் குறைத்தான். காதுக்காரிக்குள் பதினாறு வருஷம் மடித்த காகித உறைகள் அத்தனையும் ஒரு நிமிஷம் எழும்பின. கோபம் வந்தது. ஆனால் அதையும் முந்திக்கொண்டு வேறொன்று வந்தது. அவள் காதைப் பழுது என்று ஒதுக்கிய மனுஷனே அதை ஒரு நாளும் சந்தேகப்பட்டதில்லை.

"அப்ப உங்க காது நல்ல காதுதான் சார்" என்றாள். "வாய்லதான் பழுது."

"ஆமாம்மா" என்றார் அவர், தலை நிமிராமல்.

அவர் கிளம்பக் கைத்தடியை ஊன்றினார். அவள் விடவில்லை. "உக்காருங்க. இன்னொரு பக்கம் இருக்கு. அதையும் நான் கேட்டதில்ல" என்றாள். முதல் பக்கம் முடியும் வரை காத்திருந்து, தட்டின் ஓரங்களை மட்டும் பிடித்து அவளே திருப்பிப் போட்டு, ஊசியை முதல் பாட்டின் தொடக்கத்தில் வைத்தாள்.